மெழுகுக்கு அடியில் தண்ணீர் காக்கும். மேலே ஊற்றினால் கெடுக்கும்!

புதன்கிழமை வந்துவிட்டால் மும்பை மாகிமில் நடக்க இடம் இருக்காது. புனித மைக்கேல் ஆலயத்தின் நவநாள் ஜெபத்துக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 1948-ம் ஆண்டில் தொடங்கிய வழிபாடு இது. எல்லா மதத்தவரும் கையில் மெழுகுவர்த்தியுடன் வரிசையில் நிற்பதைக் காணலாம்.

செப்டம்பர் 8-ந் தேதி மாதாவின் பிறந்த நாள். வேளாங்கண்ணித் திருவிழா அன்று நிறைவுபெறுகிறது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாந்திரா மவுண்ட் மேரி ஆலயத் திருவிழா தொடங்குகிறது. ஒரு வாரத்துக்குக் குன்றின் மேல் ஜனசமுத்திரம்தான். கால் வலி தீர வேண்டுபவர் மெழுகில் செய்த காலை வைக்கிறார். வீடு வேண்டுபவர் மெழுகு வீட்டை வைக்கிறார். பிறகு தீபாவளி வருகிறது. தாராவி கும்பார்வாடாவில் குயவர்கள் செய்யும் அகல்களில் மெழுகு நிரப்பி விற்கிறார்கள்.

இப்படி விற்பவை எல்லாம் தொழிற்சாலையில் செய்தவை அல்ல. சமையல் முடிந்த அடுப்பிலேயே மெழுகை உருக்கி ஊற்றி, நாலு காசு சேர்க்கும் குடும்பங்களும் உண்டு. கணவர் ஆபீசுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை. மெழுகுக் கட்டி, திரி, அச்சு இருந்தால் போதும். பெரிய முதல் தேவையில்லை.

ஆனால் அந்த ஒரே அறையில்தான் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. துணிமணி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் அங்கேதான். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். சந்தோ, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து. இங்கே மெழுகு பற்றிக்கொண்டால் ஒரு வீட்டோடு நிற்காது.

பால் பொங்கும், மெழுகு பொங்காது

மெழுகுவர்த்திக்குப் பயன்படும் பாரபின் மெழுகு, பெட்ரோலியத்தில் இருந்து கிடைப்பது. அசாமில் திக்பாய், சென்னையில் மணலி ஆகிய இடங்களில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இதைத் தயாரிக்கின்றன. பெட்ரோல், மண்ணெண்ணெய் பிறந்த வயிற்றில் பிறந்ததுதான் மெழுகும். கட்டியாக இருப்பதால் அது எரிபொருள் என்பது மறந்துபோகிறது.

மெழுகு சுமார் 50 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும். சுமார் 200 டிகிரியை எட்டினால் அதன் ஆவி தீப்பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மெழுகு எந்தக் குரலும் கொடுக்காது. பால் பொங்கும், தண்ணீர் கொதித்துக் குமிழி விடும். மெழுகு மட்டும் தெளிந்த எண்ணெய் போல அமைதியாகவே நிற்கும். 'இன்னும் கொதிக்கவில்லையே' என்று காத்திருப்பதுதான் ஆபத்து. மெழுகில் இருந்து புகை கிளம்பினால் அதுவே கடைசி எச்சரிக்கை. அந்த நிமிடமே அடுப்பை அணைக்க வேண்டும்.

பாத்திரத்துக்குள் பாத்திரம்

இதற்கு வழி மிகவும் எளிது. மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. அகலமான பாத்திரத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்க வேண்டும். மெழுகு உள்ள சிறிய பாத்திரத்தை அதற்குள் இறக்க வேண்டும். சிறிய பாத்திரத்தின் அடி, பெரிய பாத்திரத்தைத் தொடாமல் இருக்க, இடையில் ஓர் இரும்பு வளையம் வைப்பது நல்லது.

தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. எனவே அதற்குள் இருக்கும் மெழுகும் அதைத் தாண்ட முடியாது. அடியில் இருக்கும் தண்ணீர்தான் இங்கே காவல்காரன். அது வற்றிவிட்டால் காவல் போய்விடும். ஆகவே வற்ற வற்றத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் மெழுகுக்குள் தெறித்துவிடக் கூடாது. பாத்திரமும் அச்சும் ஈரம் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும்.

மெழுகைச் சிறு துண்டுகளாக உடைத்துப் போட வேண்டும். பெரிய கட்டியாக வைத்தால் அடிப்பக்கம் உருகி, மேல் ஓட்டை உடைத்துக்கொண்டு தெறிக்கலாம். பாத்திரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. சாயமும் வாசனை எண்ணெயும் அடுப்பில் இருந்து இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

தீ எரியும்போது, 'இதோ வந்துவிடுகிறேன்' என்று தண்ணீர் பிடிக்கப் போகக் கூடாது. போக நேர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். நைலான் துணியைவிடப் பருத்தி நல்லது. கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்; குழந்தைகள் அருகில் வரக் கூடாது. மிஞ்சிய மெழுகை மோரியில் ஊற்றினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதை ஒரு டப்பாவில் ஊற்றி வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

தீப்பிடித்தால் என்ன செய்வது?

பதற்றத்தில் எவருடைய கையும் முதலில் தண்ணீர்க் குடத்துக்குத்தான் போகும். அதைத்தான் செய்யக் கூடாது!

தண்ணீர் மெழுகைவிடக் கனமானது. ஊற்றியதும் எரியும் மெழுகின் அடிக்குப் போகும். அங்கே நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். எரியும் மெழுகைக் கூரை வரை தூக்கி எறியும். பாத்திரத்துக்குள் இருந்த தீ, அறை முழுவதும் பரவிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: அடுப்பை அணைக்க வேண்டும். பாத்திரத்தைவிடப் பெரிய உலோக மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூட வேண்டும். காற்று இல்லாவிட்டால் தீ தானே அடங்கும். ஆறும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் மறுபடியும் பற்றிக்கொள்ளலாம். எரியும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடக் கூடாது. மூடியையும் ஒரு வாளி உலர்ந்த மணலையும் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தீ அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, அக்கம்பக்கத்தாருக்குக் குரல் கொடுத்து, 101 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

கையில் கொட்டினால்

மெழுகு கையில் கொட்டினால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இங்கே தண்ணீர்தான் மருந்து. வளையல், மோதிரத்தை வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய மெழுகை இழுத்துப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

திருவிழா நெருங்கினால் ஆர்டர் குவியும். அவசரத்தில் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைத்தால் மிச்சமாவது பத்து நிமிடம். ஊரில் இருந்து வந்து, வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த வீடு கருகிப்போகவும் அதே பத்து நிமிடம் போதும்.