தூக்கிய பாரத்தின் கீழ் நிற்காதீர்

தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்வோர் அண்ணாந்து நோக்கி வணங்கும் முருகப் பெருமானின் திருவுருவம் 140 அடி உயரமுடையது. 2006ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட அச்சிலைக்கு 250 டன் இரும்புக் கம்பிகளும் 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் தேவைப்பட்டன. இத்தகைய பெரும் பாரங்களை உயரே ஏற்றும் பணிகளில் இக்காலத்தில் கிரேன் எனப்படும் பாரந்தூக்கிகளே மனிதருக்குத் துணை நிற்கின்றன. தோட்டங்களிலிருந்து சென்று, கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்டடப் பணியிடங்களிலும் துறைமுகத்திலும் தொழில் புரிவோர் பலர். ஆதலின் அவ்வியந்திரங்களின் இயல்பை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஐம்பது டன் பாரந்தூக்கி என்றால், எந்நிலையிலும் அது ஐம்பது டன் தூக்கும் எனக் கருதுவது தவறு. பால் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்தால் எளிதில் தூக்கலாம். அதே வாளியைக் கை நீட்டிப் பிடித்தால் தோள் தாங்காது. வாளியின் எடை கூடவில்லை, தூரமே கூடிற்று. பாரந்தூக்கிக்கும் இதுவே விதி. அதன் நீண்ட கை வெளிப்புறம் சாயச் சாயத் தூக்கும் ஆற்றல் குறையும். அளவு மீறினால் இயந்திரமே கவிழும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்பதைக் காட்டும் அட்டவணையை ஓட்டுநர் மீறலாகாது. மழையில் ஊறிய மண்ணில் தாங்குகால்களை ஊன்றுமுன், அவற்றின் அடியில் உறுதியான பலகைகளை இடுதல் அவசியம்.

ரப்பர் ஆலைகளில் ஓடும் ஃபோர்க்லிப்ட் வண்டிக்கும் இது பொருந்தும். 33⅓ கிலோ எடையுள்ள ரப்பர் கட்டிகள் முப்பதை அடுக்கினால் ஒரு டன் ஆகும். அப்பாரத்தை உயர்த்தியவாறே வளைவில் திரும்பினால் வண்டி சாயக்கூடும். எனவே பாரத்தைத் தாழ்த்தியே ஓட்டுக. ஓட்டுநர் இருக்கைப் பட்டியை அணிக. வண்டி சாயும்போது வெளியே குதித்தல் உயிருக்கே ஆபத்து. அதன் கரங்களின் மேல் எவரையும் ஏற்றலாகாது.

பாரந்தூக்கியை இயக்குவோர்க்கு ஒருவரே சைகை காட்ட வேண்டும். ஆனால், "நிறுத்து" என்னும் சைகையை எவர் காட்டினும் உடனே நிறுத்த வேண்டும்.

2016 ஆகஸ்டில் கோலாலம்பூர் ஜாலான் ராஜா சூலானில், கட்டடப் பணியிடப் பாரந்தூக்கி ஒன்றின் கொக்கி சாலையில் சென்ற கார்மீது விழுந்து, அதனை ஓட்டிச் சென்ற இளம்பெண் உயிரிழந்தார். பணியிடத்துக்கு வெளியே சென்றவர்க்கே அக்கதி நேர்ந்ததெனில், பாரத்தின் கீழேயே நிற்போர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் தொழிலாளர்க்குத் துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பெற்று, 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளதெனத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிடில், அவ்விடத்தை விட்டு அகலும் உரிமை உடையவர்.

"ஒரு நிமிட வேலைதானே" என்று பாரத்தின் கீழ் நுழையாதீர். அந்த ஒரு நிமிடத்தை நம்பியே ஒரு குடும்பம் வீட்டில் காத்திருக்கிறது.