இறக்கம் பார்த்து நிற்கும் வண்டி

எங்கள் வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவோம். ஏற்காட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. செல்ஃப் எடுக்காவிட்டால் பிரேக்கை விட்டு உருட்டி, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் போதும். கீழே சேலத்துக்காரர்கள் தள்ளிவிட நாலு பேரைக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு மலையே தள்ளிவிடும்.

வண்டி என்றால் மேசி 1035 டிராக்டர். 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி, மேசி ஃபெர்குசனோடு சேர்ந்து செய்த வகை. எண்பதுகளில் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கினார். காபிச் செடிகளுக்கு நடுவே அதற்கு வேலை கிடையாது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காபி நட்ட நாள் முதல் இன்றுவரை சரிவில் பழம் பறிப்பது கைதான். பறித்த மூட்டைகளைப் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் கொட்டகைக்கு இழுப்பது, எரு ஏற்றுவது, கோடையில் தண்ணீர் டேங்கை இழுப்பது, இவைதான் மேசியின் வேலை. அன்று பறித்த பழம் அன்றே பல்ப்பருக்குள் போயாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அதனால் பறிப்புக் காலத்தில் வண்டி நின்றால் எனக்கு வயிறு கலங்கும்.

நான்கு வருடம் முன்பு ஒரு தை மாத விடியல். பத்தடி தள்ளி இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினார், இன்ஜின் எடுத்தது, சாவியை விட்டார். சாவி திரும்பி வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டார்ட்டரும் கூடவே கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"சாமி, பேட்டரியைப் புடுங்குங்க!"

ஸ்பேனர் தேட நேரமில்லை. நல்லவேளை, டெர்மினல் முன்பே தளர்ந்துபோய்க் கிடந்தது. அதுவும் என் சோம்பேறித்தனம்தான். கையாலேயே இழுத்துவிட்டேன். நீல நிறத்தில் ஒரு பொறி பறந்தது. ஸ்டார்ட்டர் அடங்கியது. இன்ஜின் மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் பார்த்தால் பலருக்கும் வியப்பாக இருக்கும். பேட்டரி இல்லாமல் எப்படி ஓடுகிறது? பழைய ஃபெர்குசன் டி.ஈ.20 போன்ற பெட்ரோல் டிராக்டரில் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் வேண்டும். சாவியை மூடினால் இன்ஜின் செத்துவிடும். டீசலுக்குப் பொறியே தேவையில்லை. காற்றை இறுக்கி அழுத்தினால் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பழைய மேசியை நிறுத்த ஸ்டாப் குமிழை இழுத்து, பம்ப்பில் டீசலை அடைக்க வேண்டும். ஆக, நாம் 'இக்னிஷன் ஸ்விட்ச்' என்று சொல்வது டீசல் வண்டியில் எதையும் பற்றவைப்பதில்லை. அது கரண்டுக்கு ஒரு கதவு, அவ்வளவுதான். ஒரு நிலையில் ஹீட்டருக்குத் திறக்கும், இன்னொரு நிலையில் ஸ்டார்ட்டரின் சாலினாய்டு என்ற காந்த ஸ்விட்ச்சுக்குத் திறக்கும். குளிர்ந்த காலையில் இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்குவது அந்த ஹீட்டர். பதினைந்து, இருபது விநாடி பிடித்துக்கொண்டு, பிறகு ஸ்டார்ட்டுக்குத் திருப்ப வேண்டும். மார்கழியில் இந்தப் பொறுமை இல்லாதவர்கள் பேட்டரியைத் தின்றுவிடுவார்கள்.

அன்று நிறுத்தும்போதெல்லாம் மலையின் தயவில் வண்டியை மறுபடி உருட்டி எடுத்து மூட்டைகளைச் சேர்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர் உண்டு, எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"போன தடவ ஸ்விட்ச் மேல வீண் பழி போட்ட கண்ணு. இந்தத் தடவ அதுவே பழி வாங்கிடுச்சு."

அந்தக் கதை எனக்கு அவமானம். அதற்கு இரண்டு வருடம் முன்பு சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. ஸ்விட்ச் போய்விட்டது என்று நானே முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கினேன். கடைசியில் பார்த்தால் பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டைக்கு அடியில் துரு. உப்புத்தாள் தேய்த்ததும் சரியாகிவிட்டது. வாங்கிய ஸ்விட்ச் பெட்டியோடு அலமாரிக்குப் போனது.

அவர் அப்போது சொல்லிக்கொடுத்த வரிசை இது. முதலில் டேஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார். சாவியை ஹீட்டர் நிலையில் வைத்ததும் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால், ஸ்விட்ச் வரை கரண்ட் வருகிறது, அதைத் தாண்டியும் போகிறது. முள் அசையவே இல்லையென்றால் டெஸ்ட் லேம்பை எடு. ஸ்விட்ச்சின் பேட்டரி முனையில் விளக்கு எரிந்து, ஸ்டார்ட்டுக்குத் திருப்பியும் ஸ்டார்ட்டர் முனையில் எரியவில்லை என்றால்தான் ஸ்விட்ச் குற்றவாளி. இரண்டு முனையிலும் எரிந்தால் அதை விட்டுவிட்டு மேலே தேடு. ஹை-லோ லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. பாதி நேரம் குற்றம் அங்கேதான்.

அந்தத் தடுப்பை மீறுகிறவர்களும் உண்டு. தரையில் நின்றபடி ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து எடுப்பார்கள். வண்டி கியரில் இருந்தால் எடுத்த வேகத்தில் நகரும். ஆள் நிற்பதோ பெரிய சக்கரத்துக்கு முன்னால். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று காட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை.

பழைய ஸ்விட்ச்சைக் கழற்றுவது எளிது. முதலில் பேட்டரியின் எர்த் பக்க வயரைக் கழற்ற வேண்டும். மற்ற முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பிளஸ்தான் எர்த். குறியைப் பார்த்துக் கைவைக்க வேண்டும். பிறகு டேஷ்போர்டின் முன்பக்க வளைய நட்டைச் சுழற்றினால் ஸ்விட்ச் பின்னால் விழும்.

அதைக் காபிக் களத்தில் உட்கார்ந்து பிரித்தேன். தகர மடிப்புகளை நிமிர்த்தியதும் ஸ்பிரிங் துள்ளியது, மிளகளவு இரும்புக் குண்டு ஒன்று காயப்போட்ட காபிக்குள் ஓடி மறைந்தது. உள்ளே பித்தளைத் தட்டு. அதன் மேல் மூன்று இடத்தில் கறுத்த குழிகள், ஒரு குழியின் ஓரத்தில் உருகி ஒட்டிய தடம். மற்ற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. இந்த மலையின் ஈரம் சாவித் துளை வழியாக எத்தனை வருடமாக உள்ளே போனதோ. சாவியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய ஸ்பிரிங் துருவேறிப் பாதியாக இளைத்திருந்தது. களிம்பு மட்டும் என்றால் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, பெட்ரோலில் கழுவி மறுபடி மூடியிருப்பேன். உருகிய தட்டையும் இளைத்த ஸ்பிரிங்கையும் நம்பக்கூடாது. அலமாரியில் இருந்த பெட்டிக்கு வேளை வந்தது.

அதிலும் ஒரு சறுக்கல். பழைய வயரிங்கில் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளையில் சிவப்புக் கோடு ஸ்டார்ட்டருக்குப் போவது. இது பிரிட்டிஷ் முறை. புதிய ஸ்விட்ச்சிலோ ஜெர்மன் எண்கள்: 30 பேட்டரி, 50 ஸ்டார்ட்டர், 19 ஹீட்டர். எண்ணைப் பார்க்காமல், பழைய வயர்கள் இருந்த இடத்தைப் பார்த்து மாட்டினேன். ஹீட்டர் நிலைக்குத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் சுற்றியது. வண்டி நியூட்ரலில் இருந்ததால் சிரித்துவிட்டு மாற்றி மாட்டினோம்.

பெரியவர் இதோடு விடவில்லை. சாலினாய்டு இழுக்கும் கணத்தில் முப்பது, நாற்பது ஆம்பியர்கூட ஸ்விட்ச் வழியாகப் பாயும், பித்தளையில் குழி விழுவது அதனால்தான் என்று சொல்லி, இடையில் ஒரு ரிலே வைக்கச் சொன்னார். சாவி இப்போது ரிலேயின் 86ஆம் முனைக்குச் சின்னக் கரண்டை மட்டும் அனுப்புகிறது. பெரிய கரண்ட் 30லிருந்து 87க்கு, ஸ்விட்ச்சைத் தொடாமலே போய்விடுகிறது. சாவித் துளைக்கு மேல் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர் மூடியும் போட்டேன்.

நான்கு பறிப்புக் காலம் கடந்துவிட்டது. சாவி ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. டிரைவர் அண்ணன் மட்டும் சாயங்காலம் டிரெய்லரைக் கழற்றியதும் வண்டியைத் திருப்பி, மூக்கை இறக்கத்துக்குக் காட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.