ஒருசந்தியும் சர்க்கரை நோயும்
திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் நாம் ஒருசந்தி இருக்கிறோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 70 முதல் 99 வரை இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ஓ அதற்கு மேலோ இரு பரிசோதனைகளில் வந்தால் அது சர்க்கரை நோய்.

ஆனால் பட்டினி கிடக்கும்போது நாம் அஞ்சவேண்டியது, அளவு 70-க்குக் கீழே இறங்குவதை. கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், பூசை முடியட்டும் என்று காத்திராமல், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நற்கருணை வாங்க முடியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். நோயாளிகளையும் முதியோரையும் அந்த ஒரு மணிநேர நோன்பு கட்டுப்படுத்தாது. ஒருசந்திக் கடமையும் 59 வயது நிறைந்தவர்களுக்கு இல்லை, நோயாளிகளுக்கு எந்த வயதிலும் இல்லை.