தொடங்கியதும் நின்றுபோகும் நீரிறைக்கும் இயந்திரம்

வெங்காயம் நட்டு இருபது நாள். இன்று இறைப்பு முறை. கயிற்றை இழுத்ததும் இயந்திரம் தொடங்குகிறது. வாய்க்காலை மாற்றிக் கட்டுவதற்கிடையில் நின்றுவிடுகிறது. திரும்ப இழுத்தால் தொடங்குகிறது, திரும்பவும் நிற்கிறது. கராச்சுக்குக் கொண்டுபோனால் காபரேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். கடன்பட்டு அதை மாற்றிய பின்னரும் பழைய குறை தீராமல் தலையில் கைவைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இடம்பெயர்ந்து போன காலத்தில் கொட்டிலில் கிடந்து தூசியும் நீரும் ஏறிய இயந்திரத்திலும், பல கை மாறி வந்த இரவல் இயந்திரத்திலும் இந்தக் குறையை அடிக்கடி காணலாம். பெரும்பாலும் இதைச் செலவின்றி நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் தொடங்குகிறது என்றால் பிளக்கில் பொறி வருகிறது, அமுக்கமும் இருக்கிறது. காபரேற்றரின் அடியில் உள்ள சிறிய கிண்ணத்தில் தேங்கியிருந்த எரிபொருளைக் கொண்டே அது ஓடியது. அது முடிந்ததும் புதிதாக வந்து சேரவில்லை, அதனால் நின்றது. ஆகவே எத்தனை நேரம் ஓடி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சில விநாடியில் நின்றால் காபரேற்றருக்குள் அடைப்பு இருக்கலாம். சில நிமிடம் ஓடி நின்றால் தாங்கியின் பக்கம் பாருங்கள்.

தாங்கியின் மூடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. எரிபொருள் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போகவேண்டும். துவாரம் மண்ணால் அடைபட்டால் எரிபொருள் இறங்காது. மூடி தொலைந்ததால் பொலித்தீனை இறுகக் கட்டி ஓடவிடுபவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. இயந்திரம் நின்றவுடன் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், பிறகு இயந்திரம் ஒழுங்காக ஓடினால் குறை அகப்பட்டுவிட்டது. மெல்லிய கம்பியால் துவாரத்தைத் திறந்து ஊதிவிடுங்கள்.

அது சரியென்றால், இயந்திரம் ஆறிய பின் குழாயைக் காபரேற்றர் பக்கத்தில் கழற்றி, ஒரு வெள்ளைப் போத்தலுக்குள் பிடித்துத் திருகியைத் திறவுங்கள். எரிபொருள் நூலறாமல் ஓடவேண்டும். துளித்துளியாக வந்தால் திருகியோடு உள்ள வடியைக் கழுவுங்கள். போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வேறாகத் தெளிந்து நிற்பது தண்ணீர். கானின் அடி மண்டியைத் தாங்கிக்குள் கவிழ்த்து ஊற்றினால் இப்படித்தான் வரும்.

இனிக் காபரேற்றர். சோக்கை மூடி வைத்தால் ஓடுகிறது, திறந்தவுடன் நிற்கிறது என்றால் உள்ளே உள்ள ஜெட் பாதி அடைபட்டிருக்கிறது. பல மாதம் நின்ற பெற்றோல் பிசினாக மாறி அதில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைப் பெற்றோலில் ஊறவைத்து ஊதுங்கள். குத்தவேண்டுமானால் மின்வயரின் ஒற்றைச் செப்பு இழை போதும். ஊசி போடாதீர்கள். பித்தளைத் துவாரம் பெருத்துவிட்டால் பிறகு எரிபொருள் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும்.

மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போர் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. பெற்றோலில் தொடங்கி, நன்கு சூடேறிய பின்பே திருகியை மாற்றவேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோலைக் கொண்டு தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடப் பழகியவர்கள் எம்மவர். அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. பெற்றோலை மிச்சம் பிடிக்க அவசரப்பட்டு மாற்றினால் இயந்திரம் புகைந்து நிற்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது; எரியாமல் புகையாகப் போவது உங்கள் காசு. நிறுத்துவதற்குச் சற்று முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றினால் அடுத்த நாள் தொடங்குவது சுகம்.

சில இயந்திரங்கள் ஒயில் குறைந்தாலோ வரம்பில் சரிவாக வைத்தாலோ தாமாகவே நின்றுவிடும். மட்டமாக வைத்து ஒயிலைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடிச் சூடேறி நின்று, ஆறினால் மட்டும் தொடங்குமாயின் மின்சுருள் பழுதாக இருக்கலாம். அதற்கு மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும். எந்தச் சோதனைக்கும் முன் பம்பினுள் நீர் நிரப்ப மறவாதீர்கள். வறண்டு ஓடினால் சீல் கருகிவிடும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய விடயம் ஒன்று உண்டு. மேலிருந்து சுமார் ஏழு மீற்றருக்குக் கீழே உள்ள நீரை இந்தப் பம்பு உறிஞ்சாது. கோடையில் கிணறு வற்றும்போது சிலர் இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கி, படியிலோ பலகையிலோ வைத்து ஓடவிடுகிறார்கள். மேலே நன்றாக ஓடிய இயந்திரம் உள்ளே போனதும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அது பழுதல்ல. தன் புகையைத் தானே குடித்து, எரிவதற்குக் காற்றில்லாமல் நிற்கிறது. அங்கே மனிதருக்கும் மூச்சுக்காற்று இல்லை. அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. திரும்பத் தொடக்கி விடலாமென்று இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போன மற்றவரும் இறந்த சம்பவங்கள் எமது நாட்டில் நடந்திருக்கின்றன.

எனவே இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கவேண்டாம். ஏற்கனவே இறக்கியிருந்து அது நின்றுபோனால் எவரும் இறங்காதீர்கள். கட்டிய கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தெடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்திருந்தால் பின்னால் குதிக்கவேண்டாம். ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990 இலக்கத்துக்கு அம்புலன்ஸ் கேளுங்கள். அவர் நினைவோடு இருந்தால் மேலிருந்தே கயிற்றை விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.