கோல் கணக்கும் ஆட்டக் கணக்கும்

கரிசல் நாட்டில் மே மாதம் வெயிலின் ஆட்சிக் காலமாகும். பருத்தி மார் பிடுங்கிய புஞ்சைகள் வாய் பிளந்து கிடக்கும். உழவருக்கு வேலை இல்லை, பள்ளிகளுக்கு விடுமுறை. இவ்வேளையிலேதான் கோவில்பட்டி நகரம் ஆண்டுதோறும் ஒரு பெருவாதத்தில் இறங்குகின்றது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி, கிருஷ்ணா நகரிலுள்ள செயற்கைப் புல்தரை மைதானத்தில் நடைபெறும் நாட்கள் அவை. ரயில்வே, படைப்பிரிவு, வங்கி என்று வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அணிகள் வந்து இறங்கும். ஆட்டம் அறுபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றிய வாதமோ தேநீர்க்கடையில் தொடங்கி, கடலைமிட்டாய்க் கடை வாசலில் வளர்ந்து, மறுநாள் காலை தீப்பெட்டி ஆபீசுக்குச் செல்லும் வழியிலும் தொடரும்.

நான் கணக்குப் பாடம் நடத்திப் பிழைப்பவன். ஆதலின் இவ்வாதங்களில் ஆட்டக்காரர் பெயரைவிட எண்களே முதலில் என் செவியில் விழும். “அவன் ஆறு கோல் போட்டிருக்கிறான், இவன் நான்குதான்” என்று ஓர் இளைஞர் சொல்வார். “யார்மேல் போட்டான், எப்போது போட்டான், அதைச் சொல்லு தம்பி” என்பார் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். இப்பெரியவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் புள்ளியியல் என்னும் கலையின் உயிர்நாடி அவ்விரு கேள்விகளில் அடங்கியிருக்கின்றது என்பது என் கருத்து.

இதனை வெறும் பொழுதுபோக்கு வாதம் என்று எண்ணிவிடலாகாது. களத்தில் ஒரே வேளையில் ஆடுவோர் பதினொருவர். பட்டியலில் இடம்பெறுவோர் வழக்கமாக 18 பேர். ஒலிம்பிக்கில் 16 பேர். பத்தொன்பதாவது ஆட்டக்காரன் வீட்டில் இருந்து செய்தித்தாள் படிக்க வேண்டியதுதான். ரயில்வேயிலும் படையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. அவ்வேலைக்கு, ஆடியதற்கான சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பட்டியலில் பெயர் வேண்டும். தீப்பெட்டிக் கட்டை அடுக்கி மகனை வளர்க்கும் தாய்க்கு, அந்தப் பதினெட்டாவது பெயர் யாருடையது என்பது குடும்பத்தின் தலையெழுத்து.

எண் எவ்வாறு மயக்கும் என்பதற்குப் பழைய வரலாற்றிலிருந்து ஒன்று சொல்கிறேன். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்டது. அவற்றுள் 14 தியான்சந்த் போட்டவை. எதிரணிகளுக்கு ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கோலைக் காத்தவர் ரிச்சர்ட் ஆலன். நான்கு ஆண்டுகள் கழித்து, 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இரண்டே ஆட்டங்களில் 35 கோல்கள்! ஜப்பானை 11–1 என்றும், அமெரிக்காவை 24–1 என்றும் வென்றது இந்தியா. அமெரிக்காவுக்கு எதிராகத் தியான்சந்தின் தம்பி ரூப்சிங் 10 கோல்களும், தமையன் 8 கோல்களும் போட்டனர். வகுத்துப் பார்த்தால் 1928இல் ஆட்டம் ஒன்றுக்கு 5.8 கோல், 1932இல் 17.5 கோல். அப்படியானால் அணி நான்காண்டில் மும்மடங்கு வலுப்பெற்றுவிட்டதா? இல்லை. உலகமே பணமுடையில் தவித்த அக்காலத்தில் கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்து ஆடிய அணிகள் இரண்டே; அமெரிக்காவையும் சேர்த்து மொத்தம் மூன்றுதான். ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது என்றால் நிலைமையை நீங்களே உய்த்துணரலாம். ரூப்சிங் பெரும் ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அதற்கு அந்தப் பத்துக் கோலைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

எண்ணியதே சரிதானா என்பது வேறொரு சிக்கல். 1936ஆம் ஆண்டு பெர்லின் இறுதியாட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்று வென்றது. அன்று தியான்சந்த் போட்ட கோல்கள் மூன்று என்போரும் உளர். ஆறு என்போரும் உளர். பதினாறு ஆண்டு கழித்து, 1952இல் ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 6–1 என்று வென்றபோது பல்பீர்சிங் தனியொருவராக ஐந்து கோல்கள் போட்டார். ஒலிம்பிக் ஆடவர் இறுதியாட்டத்தில் ஒருவர் போட்ட கோல்களில் அதுவே மிகுதி எனக் கொண்டாடப்படுகின்றது. தியான்சந்துக்கு மூன்று என்று கொண்டால்தான் பல்பீரின் புகழ் நிற்கும். ஆறு என்றால் நிற்காது. இருவரும் இந்தியர், இருவரும் மேதைகள். ஆனாலும் எங்கள் தேநீர்க்கடையில் இவ்வழக்கில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டும் தணிவதாக இல்லை.

இனி நம் ஊருக்கு நெருக்கமான ஒன்றைக் காண்போம். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்கள் முதன்முதலாக ஆடினர். ஒருவர் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம். இருவரும் கோவில்பட்டி மையத்தில் பயிற்சி பெற்றவர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1–1 எனச் சமனாயிற்று. அடுத்து ஜப்பானிடம் இந்தியா 2–5 எனத் தோற்றது. மிஞ்சியிருந்தது இந்தோனேசியாவுடன் ஓர் ஆட்டம்.

இங்கேதான் கணக்கு களத்தில் இறங்குகின்றது. இந்தியா வென்றால், ஜப்பானிடம் தோற்ற பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் நான்கு நான்கு புள்ளிகள். சமன் வந்தால், போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்துப் பார்ப்பார்கள். பாகிஸ்தான் இந்தோனேசியாவை 13–0 என்று வென்றது, இந்தியாவுடன் சமன், ஜப்பானிடம் 2–3. ஆக அதன் மீதி 12. இந்தியாவின் மீதியோ கழித்தல் 3. எனவே இந்தியா பதினைந்து கோல் வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். பதினைந்தில் மீதி சமனாகும். அப்போது மொத்தம் போட்ட கோல்களில் இந்தியா 18, பாகிஸ்தான் 16 என்று முந்திக்கொள்ளும். பதினான்கு போதாது. நம்மவர் 16–0 என்று வென்றனர்; திப்சன் திர்க்கி மட்டும் ஐந்து கோல்கள் போட்டார். பாகிஸ்தான் அடுத்த சுற்றுக்கு வரவில்லை; 2023 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பையும் இழந்தது. இதில் இன்னொரு வேடிக்கை: ஜப்பானுக்கு எதிராகப் பாகிஸ்தான் போட்ட ஒரு கோல், அவ்வேளையில் களத்தில் பன்னிரண்டு பேர் நின்றமையால் செல்லாதென்று தள்ளப்பட்டது. பதினொன்றை எண்ணத் தவறியதற்கு ஒரு நாடு கொடுத்த விலை அது!

“அண்ணாச்சி, இந்தோனேசியாவைப் பதினாறு கோலில் அடித்தது ஒரு பெருமையா?” என்று அந்த நாட்களில் ஓர் இளைஞர் கேட்டார். “முதல் பத்துக் கோல் பெருமை இல்லை தம்பி. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பதினைந்தாவது கோல் போட்டானே, அதற்குத்தான் நெஞ்சு வேண்டும்” என்றார் பெரியவர். கோல் பட்டியலில் பதினாறும் ஒரே அச்செழுத்தில்தான் இருக்கும். முதல் கோலுக்கும் பதினைந்தாவது கோலுக்கும் உள்ள எடை வேறுபாட்டை அச்சு காட்டாது.

கோல் யாருடையது என்ற கேள்வியும் எளிதன்று. பெனால்டி கார்னர் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, எல்லைக் கோட்டில் நிற்கும் ஒருவர் பந்தை உள்ளே தள்ளிவிடுவார். அரைவட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை அடக்கி நிறுத்துவார். மூன்றாமவர் மட்டையில் பந்தை இழுத்துச் சுழற்றி வலைக்குள் எறிவார். அதுவே டிராக் ஃப்ளிக். தடுப்பதற்குக் கோல் காப்பாளரோடு ஐவர் மட்டுமே இருப்பர். ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். கோல் விழுந்தால் ஏட்டில் ஏறுவது எறிந்தவர் பெயர் ஒன்றுதான். தள்ளியவர், நிறுத்தியவர் பெயர்கள் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், எதிரியின் அரைவட்டத்துக்குள் பந்தோடு புகுந்து, கணுக்காலில் அடி வாங்கி, அந்தக் கார்னரையே ஈட்டித் தந்த முன்வரிசை ஆட்டக்காரர் பெயரும் இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா எட்டு ஆட்டங்களில் 15 கோல்கள் போட்டு வெண்கலம் வென்றது. அவற்றுள் 10 கோல்கள் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குடையவை. ஏழு பெனால்டி கார்னரில், மூன்று பெனால்டி ஸ்ட்ரோக்கில். அவ்வொலிம்பிக்கில் ஆடவருள் மிகுதியான கோல்கள் அவருடையனவே. அவரோ தற்காப்பு ஆட்டக்காரர்! பட்டியலை மட்டும் படிப்பவர், “முன்வரிசையினர் என்ன செய்துகொண்டிருந்தனர்?” என்று கேட்பார். அவர்கள் கார்னர் ஈட்டிக்கொண்டிருந்தனர் என்பது என் விடை. ஹர்மன்பிரீத்தின் திறமையை இதனால் குறைத்ததாகாது. பத்துக் கோலுக்குப் பின்னால் எத்தனை பேரின் கால்கள் ஓடின என்பதே நான் சொல்ல வந்தது.

அதே ஒலிம்பிக்கின் கால் இறுதியில், பிரிட்டனுக்கு எதிராக, 17ஆம் நிமிடத்தில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நாற்பது நிமிடத்துக்கும் மேலாக இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஆட்டம் 1–1, பின்னர் ஷூட் அவுட்டில் 4–2 என்று வெற்றி. கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் அன்று ஆடிய ஆட்டத்தைக் கண்டவர் மறவார். ஆனால் கோல் ஏட்டில் அவருக்கு எதிரே எழுதப்படுவது, “வாங்கிய கோல் ஒன்று” என்பதே. 1928இல் ஆலன் வாங்கியது சுழி. சுழி ஒன்றைவிடச் சிறியது என்பது கணக்கு. அதைக் கொண்டு ஆலனே ஸ்ரீஜேஷைவிடச் சிறந்தவர் என்று முடிகட்டுவோருடன் நான் சேரமாட்டேன். அவர்மேல் எத்தனை பந்து வந்தது, எத்தனையை அவர் தடுத்தார் என்று தெரிந்தாலன்றி ஒப்பிட வழியில்லை.

ஆடிய நேரமும் கணக்கில் வரவேண்டும். 1992 முதல் ஹாக்கியில் ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமாயினும் மாற்றி இறக்கலாம். எனவே “ஆறு ஆட்டம் ஆடினான்” என்ற சொல்லுக்குத் திட்டமான பொருள் இல்லை. ஒருவன் ஆட்டத்துக்கு 50 நிமிடம் வீதம் ஆறு ஆட்டத்தில் 300 நிமிடம் ஆடி ஆறு கோல் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு கோல். மற்றொருவன் ஆட்டத்துக்கு 20 நிமிடமே இறங்கி, 120 நிமிடத்தில் நான்கு கோல் போட்டான். முப்பது நிமிடத்துக்கு ஒன்று. நான்கு கோல்காரன் முந்திவிட்டான்! உடனே கைதட்ட வேண்டாம். அவன் இறங்கியது எதிரணி களைத்துப்போன கடைசிப் பகுதியிலா, ஐந்து கோல் முன்னணியில் இருக்கும்போதா என்று பெரியவர் கேட்பார், கேட்பதும் நியாயமே.

சென்ற ஒரு போட்டியின்போது என் மாணவர் சிலர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை மைதானத்துக்கு எடுத்துவந்தனர். கோல் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி, அரைவட்டத்துக்குள் பந்தோடு புகுந்ததற்கு ஒன்று, ஈட்டிய கார்னருக்கு ஒன்று, எதிரியிடமிருந்து பறித்த பந்துக்கு ஒன்று, களத்தில் நின்ற நிமிடத்துக்கு ஒன்று எனக் கோடு போட்டிருந்தனர். மூன்று ஆட்டம் முடிந்த பின் உள்ளூர்ப் பையன் ஒருவனின் வரிசையைப் பார்த்தேன். கோல் பத்தியில் சுழி. கார்னர் பத்தியில் அணியிலேயே அவனுக்குத்தான் கோடுகள் மிகுதி. நோட்டைத் தேநீர்க்கடைக்குக் கொண்டுசென்றோம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “கோட்டில் நின்று பந்தைத் தடுத்து வெளியே தள்ளுகிறானே ஃபுல்பேக், அவனுக்கு எந்தப் பத்தி?” என்று கேட்டார். மாணவர்கள் அங்கேயே, தேநீர்க் குவளையின் ஈரம் பட்ட பெஞ்சியின்மேல் நோட்டை வைத்து, ஓரத்தில் ஆறாவது கோடு ஒன்றை இழுத்தார்கள்.