ஆசிரியப் பயிற்சி பெற்றோரும் ஊர் முன்னேற்றமும்

சென்ற கோடையில் நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் ஏரிக்கால் சீரமைப்பைக் குறித்துக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கூட்டம் கலைந்ததும் விவசாயி ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆசிரியப் பயிற்சிக்குத்தான் போவேன் என்கிறாள். பயிற்சி முடித்தவர்கள் பலர் வேலையில்லாமல் இருக்கிறார்களே, இரண்டு வருஷச் செலவும் வீண்தானே?" என்று வினவினார். அருகிலிருந்த உறுப்பினர்களும் அவர் கூற்றை ஆமோதித்தனர்.

இவ்வினா அவர் ஒருவருடையது அன்று. மக்களைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் எழுவதேயாகும். ஆகவே, ஆசிரியப் பயிற்சி கற்பிப்பது யாது, அதனைப் பெற்றோர் நாட்டுக்கு ஆற்றிய பணி எத்தகையது, இன்று அதில் சேர்வோர் அறிய வேண்டுவன யாவை என்பவற்றை இங்குக் கூற விரும்புகிறோம்.

பயிற்சியின் பயன்

கற்றவர் யாவரும் கற்பிக்க வல்லவர் அல்லர். பயிர்த்தொழிலில் நன்கு தேர்ந்த விவசாயியும் தாம் அறிந்ததைப் பிறருக்கு வரிசையாக எடுத்துச் சொல்லத் தடுமாறுவதை நாம் செயல் விளக்கத் திடல்களில் கண்டிருக்கிறோம். கற்பித்தல் தனியானதொரு தொழில். அதைப் பழகியே பெற வேண்டும்.

பாடத்தை முன்னரே திட்டமிடுதல், குழந்தையின் மனப்போக்கை அறிதல், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லுதல், பின்தங்கிய பிள்ளையைக் கண்டறிந்து தனியே கவனித்தல் ஆகியவை பயிற்சி நிறுவனங்களில் போதிக்கப்படுகின்றன. அருகிலுள்ள பள்ளிகளில் நேரே பாடம் நடத்தியும் மாணவர்கள் பழகுகின்றனர். இத்திறன்கள் வகுப்பறையோடு நின்றுவிடுவன அல்ல. நாலு பேரை ஒன்று கூட்டவும், வரவு செலவை விளங்க உரைக்கவும், மறுத்துப் பேசுவோரைப் பொறுமையோடு கேட்கவும் வல்லவர் எவ்வூருக்கும் தேவை அல்லவா?

சைதாப்பேட்டை காட்டும் சான்று

1856-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகச் சென்னையில் தொடங்கிப் பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற கல்லூரி, தென்னாட்டின் பழமையான பயிற்சி நிலையங்களுள் ஒன்று. அங்குப் பயின்ற இருவரை இங்கு எடுத்துக் கொள்வோம்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869-இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராகப் புகழ் எய்தினார். 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். கூட்டுறவின் நன்மையை அறிந்த நம் விவசாயிகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில், 1927 முதல் 1929 வரை, அவர் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தோர் அங்குப் பெருந்தொகையினர். அவருள் தமிழர் பலர். அவர்தம் பிள்ளைகளின் மேற்கல்விக்காக டர்பன் நகரில் ஒரு கல்லூரி எழ அவர் பெரிதும் முயன்றார். அது அவர் பெயராலேயே சாஸ்திரி கல்லூரி என்று வழங்கலாயிற்று.

மற்றொருவர், 1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன். இவர் 1910-இல் சைதாப்பேட்டையில் பயின்றார். அப்போதே தம்முடன் பயின்ற ஆசிரியர்களுக்கு உளவியல் குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார் என்பர். அவர் 1962-இல் குடியரசுத் தலைவர் ஆனதை யாவரும் அறிவர். ஊராட்சியினர் அறிய வேண்டியது வேறொன்று. 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். கிராம மக்களுக்கென்றே கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அக்கருத்தின் வழியில் 1956-இல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தோன்றியது.

பெண்களுக்குத் திறந்த வழி

பெண்மக்களைப் பெற்றோர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வரலாற்றையும் அறிதல் நலம். 1886-இல் பிறந்த அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். எனினும் கல்வியைக் கைவிடாது 1911-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட அப்பெண்களுள் பலர் கல்வியும் பயிற்சியும் பெற்று ஆசிரியைகளாயினர். 1922-இல் தொடங்கிய லேடி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியும் அவரே. முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சமூக நல நிலையம் அமையப் பாடுபட்டார். பிறருக்குப் பாரம் என்று கருதப்பட்டவர்களே ஊருக்கு அறிவு புகட்டும் நிலையை எய்தியது சிறிய சாதனை அன்று.

இன்றைய நிலை

இவ்வாறு கூறுவதால் பயிற்சி முடித்த அனைவருக்கும் அரசுப் பணி காத்திருக்கிறது என்று எவரும் கருத வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்திற்குப் பின், ஆசிரியர் பணிக்குத் தகுதித் தேர்வு அவசியமாயிற்று. அதில் தேறினாலும் அரசுப் பள்ளிப் பணிக்குப் போட்டித் தேர்வு உண்டு; காலியிடங்களோ சில, விண்ணப்பிப்போரோ பலர். எனவே பயிற்சியில் சேரும் நாளிலிருந்தே இத்தேர்வுகளுக்கு ஆயத்தமாதல் வேண்டும். சேர விரும்பும் நிறுவனம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதி செய்து கொள்க. அங்கீகாரம் இல்லாத இடத்தில் பெற்ற சான்றிதழால் பயன் இல்லை. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அரசே நடத்துவன. அங்கு இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது குடும்பத்தின் செலவைக் குறைக்கும்.

ஊராட்சியின் கடமை

ஊராரும் செய்யத்தக்கன உள. மேற்கூறிய சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. அக்கூட்டங்களுக்குத் தவறாது செல்லுங்கள். பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருப்பின் தீர்மானம் நிறைவேற்றி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியைக்குப் பாதுகாப்பான வாடகை வீடு தேடிக் கொடுங்கள். பணிக்குக் காத்திருக்கும் உள்ளூர்ப் பயிற்சியாளரைக் கொண்டு மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றை ஊரார் பொருளுதவியால் நடத்தலாம். பிள்ளைகளுக்குக் கல்வியும் அவருக்குத் தொழில் தேர்ச்சியும் ஒருங்கே கிட்டும்.

அன்று அந்த விவசாயியிடம் நாம் கூறியவை இவையே. வேலை உறுதி என்று நாம் சொல்லவில்லை. பெற்ற பயிற்சி வீணாகாது என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் சிந்தித்து, "விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு ஐயா?" என்று கேட்டுக் குறித்துக் கொண்டு சென்றார்.

ஏரியைத் தூர்வாரினால் அவ்வாண்டு விளைச்சல் பெருகும். நல்ல ஆசிரியரை உருவாக்கி ஊரில் நிலைக்கச் செய்தால் தலைமுறை தலைமுறையாகப் பயன் விளையும். இரண்டையும் நமது ஊராட்சிகள் ஒருங்கே மேற்கொள்வனவாக!