உள்ளங்கால் சொல்லும் பாடம்

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில், திருவண்ணாமலையிலிருந்து ஊர் திரும்பப் பேருந்துக்குக் காத்திருக்கும் மக்களைப் பார்த்திருக்கிறீர்களா? இரவெல்லாம் மலையை வலம் வந்த களைப்பு அவர்கள் முகத்தில் தெரியும். ஆனால் நீங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம், பாதங்களைப் பாருங்கள். தூசி படிந்த பாதங்கள், கொப்புளம் கண்ட பாதங்கள், கோடையில் ஏரி மண் பிளப்பதுபோல் குதிகால் வெடித்த பாதங்கள்! சிலர் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் நுனிக்காலால் நடப்பார்கள்.

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். 2,668 அடி உயரமுள்ள மலையைச் சுற்றிச் செல்லும் இந்தப் பாதையில் பெரும்பாலோர் செருப்பு அணியாமலே நடக்கிறார்கள். ஓர் எட்டின் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் ஏறக்குறைய 23,000 முறை கால் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உடலின் எடை முழுவதும் ஒரு பாதத்தின்மேல் இறங்குகிறது.

இப்போது ஒரு கேள்வி. குதிகால் வெடிக்கிறது, கன்னம் வெடிப்பதில்லை, வயிறு வெடிப்பதில்லை. இது ஏன்? "நடப்பதால்தான்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால், அதிகச் செலவில்லாமல் தோலைக் காப்பது எப்படி என்பதும் விளங்கிவிடும்.

காகிதம் காட்டும் உண்மை

ஒரு சிறு சோதனை செய்வோம். மெல்லிய தாளில் இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். மாலையில் பள்ளி விட்டு வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், ஒரு துண்டை மூக்கின்மேலும் நெற்றியிலும் அரை நிமிடம் அழுத்துங்கள். பிறகு காலைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, இன்னொரு துண்டை உள்ளங்காலில் அழுத்துங்கள். இரண்டையும் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடியுங்கள். முதல் துண்டில் பஜ்ஜி சுற்றிய காகிதத்தைப்போல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். இரண்டாவதில் அவை தெரியமாட்டா.

காரணம் என்ன? நமது தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பெரும்பாலும் இவை முடியின் வேரை ஒட்டியே அமைந்திருக்கின்றன. முகத்திலும் தலையிலும் இவை மிகுதி. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு முடியாவது தெரிகிறதா? இல்லை. முடியும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. ஆனால் வியர்வைச் சுரப்பிகள் அங்கேதான் மிக நெருக்கமாக உள்ளன. நம் உடலிலுள்ள வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனித் தோலின் அமைப்பைப் பார்ப்போம். மேல்தோலின் அடிப்பகுதியில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதிய செல்கள் பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே வர வர அவை தட்டையாகி, கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து, உயிரிழந்து, ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காகப் படிகின்றன. நகமும் முடியும்கூட இந்தப் புரதத்தால் ஆனவைதாம். உடலின் பெரும்பகுதியில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் மேல்தோல் புதிதாகிவிடுகிறது. கண்ணிமையில் மேல்தோலின் கனம் சுமார் 0.05 மி.மீ.; உள்ளங்காலில் சுமார் 1.5 மி.மீ. அதாவது முப்பது மடங்கு!

தேய்மானம் மிகுந்த இடத்துக்கு இயற்கை தடித்த ஓட்டைக் கொடுத்திருக்கிறது. ஆனால் எண்ணெயைக் கொடுக்கவில்லை. ஓடு காய்ந்தால் விறைக்கிறது. விறைத்த ஓட்டின்மேல் உடலின் எடை இறங்கினால் அது பிளக்கிறது. இதைத்தான் நாம் பித்தவெடிப்பு என்கிறோம். பெயரில் பித்தம் இருந்தாலும் கல்லீரலில் சுரக்கும் பித்தநீருக்கும் இதற்கும் தொடர்பு ஒன்றுமில்லை.

அப்பளச் சோதனை

"எண்ணெய் இல்லாததுதானே குறை? எண்ணெய் தடவினால் சரியாகிவிடுமே!" என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள்.

பொரிக்காத அப்பளம் ஒன்றை இரண்டாக உடையுங்கள். ஒரு பாதியைக் காய்ச்சாத எண்ணெயிலும், மற்றொரு பாதியைத் தண்ணீரிலும் போட்டுச் சிறிது நேரம் கழித்து எடுங்கள். எண்ணெயில் கிடந்தது வளைத்தால் ஒடியும். தண்ணீரில் கிடந்தது துணிபோல் துவளும்.

அமெரிக்க விஞ்ஞானி இர்வின் பிளாங்க் என்பவர் இதே போன்ற சோதனையை மனிதத் தோலில் செய்தார். காலில் காய்த்துப்போன தோலைச் சீவி எடுத்து, உலர்த்தி, எண்ணெயில் ஊறவைத்தார். அது மிருதுவாகவில்லை. தண்ணீரை உறிஞ்சியதும் இளகிவிட்டது. தோலை மிருதுவாக்குவது தண்ணீரே, எண்ணெய் அன்று. 1952-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு இது.

அப்படியானால் எண்ணெய்க்கு என்ன வேலை? தோல் உறிஞ்சிய தண்ணீர் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பதே அதன் வேலை. பானையில் நீர் நிரப்பிய பிறகுதானே மூடியைப் போடுகிறோம்? வெறும் பானையை மூடி என்ன பயன்? எனவே, முதலில் தண்ணீர். துடைத்த கையோடு எண்ணெய். இந்த வரிசைதான் முக்கியம். விலையுயர்ந்த களிம்பானாலும் வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயானாலும் வரிசை இதுவே.

கரிகிரி கற்றுத் தந்தது

இந்த எளிய முறை எத்தனை பெரிய வேலையைச் செய்யும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும்வரை இரண்டு ஊர்களும் வடஆற்காடு என்ற ஒரே பெயரின் கீழ்தான் இருந்தன. தொழுநோய் மிகுதியாகக் காணப்பட்ட பகுதி அது.

பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்றாலும் அவர் பிறந்த இடம் நம் கொல்லிமலை, ஆண்டு 1914. தொழுநோய் கண்டவர்களின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். பிராண்ட் இதை ஏற்கவில்லை. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி வெடுக்கென்று திருப்பினான். பூட்டு திறந்துகொண்டது. ஆனால் தரையில் இரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. சிறுவனுக்கோ வலிக்கவே இல்லை!

பிராண்டுக்குப் பெரிய உண்மை ஒன்று புலப்பட்டது. நோய் நரம்புகளைத் தாக்கி வலி உணர்வை அழிக்கிறது. வலி இல்லாததால் காயம் தெரிவதில்லை. தெரியாத காயத்தை யாரும் கவனிப்பதில்லை. அது சீழ் பிடித்து எலும்பைத் தொட்டு விரலைக் கொண்டுபோகிறது. அதோடு, நரம்பு கெட்ட இடத்தில் வியர்வையும் சுரப்பதில்லை. உள்ளங்காலில் எண்ணெய் முன்பே இல்லை. இப்போது வியர்வையும் இல்லை. பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்?

1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில், மருந்தோடு ஒரு தினசரிப் பழக்கத்தையும் கற்றுத் தந்தார்கள். கைகால்களைச் சாதாரண நீரில் சுமார் 20 நிமிடம் ஊறவைப்பது. தடித்த தோலை மெல்லத் தேய்த்து எடுப்பது. ஈரம் உலர்வதற்குள் எண்ணெய் தடவுவது. புதிய காயம், கொப்புளம், சிவப்பு உண்டா என்று கண்ணால் பார்ப்பது. வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும் அல்லவா? நுண்ணறை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்பும் இந்த வட்டாரத்து ஆராய்ச்சியில் உருவானதே. தண்ணீர், எண்ணெய், செருப்பு, கவனம் ஆகிய நான்கும் எத்தனையோ பேரின் பாதங்களைக் காப்பாற்றின.

தொழுநோய் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். உங்கள் உடலில் வெளிறியோ சிவந்தோ உணர்ச்சி குறைந்த படை ஒன்று தெரிந்தால் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் பாட்டியின் பாதம்

"நமக்குத்தான் தொழுநோய் இல்லையே" என்று எண்ணாதீர்கள். வலி உணர்வைத் திருடும் இன்னொரு நோய் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதுதான் சர்க்கரை நோய். பல ஆண்டுகள் நீடித்தால் இதுவும் பாத நரம்புகளைக் கெடுக்கிறது. பாதம் மரத்துப்போன பாட்டி, வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்தால் சூடு அவருக்குத் தெரியாது. கல் குத்தினாலும் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காலுறையிலோ பாயிலோ ஈரக்கறை கண்ட பிறகே புண் தெரியும். காலையே எடுக்க நேர்வது சில சமயம் இப்படித் தொடங்கியதுதான்.

இங்கே நீங்கள் உதவ முடியும். குனிந்து தம் உள்ளங்காலைப் பார்ப்பது வயதானவர்களுக்கு எளிதன்று, பார்வையும் மங்கியிருக்கும். இன்றிரவு உங்கள் பாட்டியின், தாத்தாவின் பாதங்களை மடியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். குதிகாலையும் விரலிடுக்கையும் தவறவிடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நெடுநேரம் காலை ஊறவைக்க வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது. கழுவி, ஒற்றித் துடைத்து, குதிகாலிலும் உள்ளங்காலிலும் எண்ணெய் தடவினால் போதும். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் காளான் கிருமி வளரும். வெடிப்பைப் பிளேடால் சீவவும் வேண்டாம். கிரிவலம் செல்லும் விருப்பம் அவர்களுக்கு இருந்தால், வெறுங்காலுடன் நடக்கலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பாதம் மரத்துப்போனவர்களை அவர் வெறுங்காலுடன் நடக்க விடமாட்டார்.

முகத்துக்கு வேறு விதி

உள்ளங்காலுக்குச் சொன்னதை முகத்துக்குச் செய்யலாமா? கூடாது. காகிதச் சோதனையை நினைத்துப் பாருங்கள். முகத்தில் எண்ணெய் போதுமான அளவு இருக்கிறது. உங்கள் வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது இன்னும் அதிகமாகச் சுரந்து, துவாரங்கள் அடைபட்டுப் பரு தோன்றுகிறது. பரு அழுக்கினால் வருவதன்று. ஆகவே, ஒருநாளைக்குப் பத்து முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்போ காரத்தன்மை உடையது. இரண்டு முறை கழுவுவது போதும். பருவைக் கிள்ளாதீர்கள், கிள்ளினால் தழும்பு நிற்கும்.

தொடையிடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளுக்கு வேண்டியது உலர்ந்த துணியும் காற்றும். அங்கே படர்தாமரை வந்தால், கடையில் தாமாகக் களிம்பு வாங்கித் தடவுவது தவறு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை உடனே அடக்கும். ஆனால் அடியில் காளானை வளரவிடும். மருத்துவர் சொல்லும் நாள்வரை மருந்து போடுங்கள். துண்டைப் பிறரோடு பகிராதீர்கள்.

நிறம் பற்றியும் ஒரு சொல். நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. மெலனின் என்பது வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் இயற்கைக் குடை. காசு கொடுத்துக் குடையைக் கிழித்துக்கொள்வானேன்? சில சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அது தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது.

ஆக, தோலைக் காக்கும் விதி ஒன்றுதான்: எந்த இடத்தில் எது குறைகிறதோ அதைக் கொடு; மிகுந்திருப்பதை மேலும் சேர்க்காதே. குதிகாலுக்கு நீரும் எண்ணெயும், மடிப்புக்கு உலர்வு, முகத்துக்கு மிதமான கழுவல், எல்லா இடத்துக்கும் ஒரு பார்வை. இதற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சில நிமிடங்களும் போதும்.

அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் கிரிவலம் போய் வந்தால், ஒரு வாளித் தண்ணீரும் துண்டுமாக வாசலில் காத்திருங்கள். 23,000 எட்டு நடந்த பாதங்கள் அவை. கழுவித் துடைத்து, விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பாருங்கள். அவர்களுக்கே தெரியாத ஒரு சிறு காயம் உங்கள் கண்ணில் படலாம்.